திருத்தணியில் உருவான முதல் இசைத்தொகுப்பு

முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'. மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். அது பிறந்த இடம் திருத்தணி மலை. அதைத் தொடர்ந்து அந்த மலையின் முருகன்மேல், 'குருகுஹ' என்ற அதே முத்திரையோடு, இன்னும் ஏழு பாடல்கள் வந்தன. எட்டும் சேர்ந்து குருகுஹ விபக்திக் கீர்த்தனைகள் எனப்படுகின்றன. இசைத்தட்டோ ஒலிநாடாவோ இல்லாத காலத்தில், ஒரே பொருளைப் பற்றி ஒரே திட்டத்தில் வரிசையாக அமைந்த இந்த எட்டையும் தீட்சிதரின் முதல் ஆல்பம் என்றே சொல்லலாம். பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் இதில் வித்து இருக்கிறது. ஆனால் கச்சேரி மேடையில் இது ஒரு தொகுப்பாகக் கேட்கக் கிடைப்பது அரிது. தனித்தனிப் பாடல்களாகச் சிதறித்தான் பலருக்கும் அறிமுகம்.

தீட்சிதர் 1775 மார்ச் 24 அன்று, பங்குனிக் கிருத்திகையில், திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். வேங்கடமகி மரபில் வந்த ஆசிரியரிடம் சங்கீத சாஸ்திரம் கற்றவர். நெடுநாள் பிள்ளையில்லாமல் வைத்தீசுவரன்கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்ற மகன் என்பதால், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பிறந்த நட்சத்திரம், இட்ட பெயர், முதல் பாட்டு மூன்றும் முருகனுக்கே அமைந்தன.

குடும்பம் பிறகு சென்னைக்கு வடக்கே மணலிக்குக் குடிபெயர்ந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துபாஷாக இருந்தவர், கலைகளை ஆதரித்தவர். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா என்கிற வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். அந்த வீட்டுத் தொடர்பால்தான் இளம் முத்துசுவாமி புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் எழுதிய சின்னச் சின்னப் பாடல்கள் நோட்டுசுவர சாஹித்யங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்படுகின்றன. இங்கிலாந்தின் அரச கீத மெட்டுக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. மேல்நாட்டு இசையைக் கேட்டு நம் இசைக்குள் கொண்டுவரும் வேலை ராக் குழுக்களோடு தொடங்கியதல்ல என்பதற்கு மணலி சாட்சி.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்னும் துறவி, பையனைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோர் தயங்கி, பிறகு சம்மதித்தார்கள். காசியில் சில ஆண்டுகள் கழிந்தன. ஸ்ரீவித்யை உபதேசம் கிடைத்தது. வேதாந்தம் படித்தார். இந்துஸ்தானி இசையின் த்ருபத் பாணியைக் காது குளிரக் கேட்டார். தீட்சிதர் பாடல்களின் நிதானமான நடை அங்கே ஊறியது என்பது இசையறிஞர்கள் பலரின் கருத்து. குரு அவரைக் கங்கையில் இறங்கச் சொன்னதும், நீரிலிருந்து ஒரு வீணை அவர் கையில் வந்ததும் பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. அதன்பின் குரு காசியிலேயே சித்தியடைந்தார். தீட்சிதர் தனியே தெற்கே திரும்பினார். மணலிக்கு வந்து, அங்கிருந்து திருத்தணிக்குப் போனார்.

அன்றைய திருத்தணி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் எல்லை ஊர். மொழிவாரி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தோடு போய், ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இந்த வரலாறு எல்லாம் பின்னால் வந்தது. முருக பக்தர்களுக்கு அது எக்காலத்திலும் ஐந்தாம் படைவீடு. சூரனோடு போர் முடித்து, வள்ளியைக் கைப்பிடித்து, சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை அது என்பார்கள். அதனால்தான் மற்ற படைவீடுகளைப் போல இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. மலையேற 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31 இரவு படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏறும் திருப்படித் திருவிழாவும், ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் வரும் புஷ்பக் காவடியும் ஊரின் பெருநாள்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் செய்த தலம். வள்ளலார் இளவயதிலிருந்து உருகிப் பாடிய தலம். பாட்டுக்குப் பழகிய மலை என்று சொன்னால் பொருந்தும்.

இங்கே தீட்சிதர் தவத்தில் இருந்தபோது நடந்ததாகக் குடும்ப மரபு சொல்லும் நிகழ்ச்சியை, அவர் தம்பி வழிப் பேரரான சுப்பராம தீட்சிதர் பதிவு செய்திருக்கிறார். முதியவர் ஒருவர் வந்து, "வாயைத் திற" என்று சொல்லி, ஒரு கற்கண்டை நாக்கில் வைத்துவிட்டு மறைந்தார். வந்தவர் முருகனே என்று தீட்சிதர் உணர்ந்தார். பாட்டு பெருகியது. குழந்தைக்குச் சேனை வைப்பதுபோல ஒரு பாடகருக்குத் தெய்வமே சேனை வைத்ததாகத் தமிழ் மனம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முதல் பாடலுக்கு அவர் எடுத்த ராகத்தைக் கவனிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் கற்க உட்காரும் எந்தப் பிள்ளையும் முதலில் பாடுவது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடமுறை தென்னாடு முழுதும் நிலைத்துவிட்டது. தீட்சிதர் தம் முதல் பாட்டையும் முதல் பாட ராகத்திலேயே வைத்தார். ராகத்தின் ஏற்ற இறக்க உருவம் பல்லவியிலேயே துலங்குகிறது. பாடம் கேட்கும் குழந்தைக்கும் அந்தச் சுரங்கள் பழக்கமானவை. அதே சுரங்களில் எவ்வளவு கனமான கட்டடம் எழுப்பலாம் என்பதைப் பாட்டு காட்டுகிறது.

அனுபல்லவியில் நுழைந்தால் சொல்லின் கட்டு தெரியும். அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து எதுகையாக ‘ந’கர ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. அடிகளின் முடிவிலோ ‘ரோ’ என்ற ஒரே ஒலி. முன்னும் பின்னும் இப்படிப் பூட்டுப் போட்டதால் நெட்டுரு செய்பவருக்குச் சொல் வழுக்குவதில்லை. சரணத்தில் இன்னொரு நுட்பம். மாயா, மாளவம், கௌளம் முதலான தேசங்களின் அரசர்கள் வணங்கும் பாதங்களை உடையவன் என்று முருகனைப் போற்றுகிறார். அந்த அடைமொழிக்குள் ராகத்தின் பெயர் முழுதாக அடங்கிவிட்டது. ராக முத்திரை என்று இதற்குப் பெயர். பொருள் கெடாமல், வலிந்து புகுத்திய சாயல் இல்லாமல் ராகப் பெயரைச் சாஹித்யத்தில் வைப்பதில் தீட்சிதர் பின்னாளில் எட்டிய தேர்ச்சி, முதல் பாட்டிலேயே கைவந்திருக்கிறது. அதே சரணம் முருகனை, சிவனுக்கே பெரும்பொருள் உபதேசித்தவன் என்றும் சொல்கிறது.

குரு என்ற சொல் இந்தப் பாட்டின் அச்சாணி. ஸ்ரீவித்யை வழிபாட்டில் முதல் வணக்கம் குரு பரம்பரைக்கு. பாட்டின் தொடக்கச் சொல்லும், அனுபல்லவியில் வரும் சில சொற்களும் அந்தப் பரம்பரையைக் குறிப்பவை. காசியில் ஒரு குருவை இழந்துவிட்டு வந்தவர், தணிகையில் கண்ட தெய்வத்தையும் குருவாகவே கண்டார். குகன் என்றால் முருகன். 'குருகுஹ' என்னும் முத்திரையில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். இதற்குப் பின் வாழ்நாள் முழுதும் அம்பாளைப் பாடினாலும், சிவனைப் பாடினாலும், திருமாலைப் பாடினாலும், பாட்டுக்குள் எங்காவது அந்தப் பெயர் இருக்கும். இசைக் கலைஞரின் கையெழுத்து என்று ஒன்று உண்டென்றால் தீட்சிதர் அதைத் திருத்தணியில் போட்டார்.

தொகுப்பின் திட்டம் இலக்கணத்திலிருந்து வந்தது. விபக்தி என்பது வேற்றுமை. வடமொழியிலும் தமிழிலும் எட்டு வேற்றுமைகள். விளியோடு சேர்த்து எட்டு என்று தொல்காப்பியமும் கணக்கிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: முருகன், முருகனை, முருகனால், முருகனுக்கு என்று போய் முருகா என்று முடியும் வரிசை. தீட்சிதர் ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு பாட்டு என்று வைத்தார். 'ஸ்ரீநாதாதி' முதல் வேற்றுமை. ஆனந்தபைரவியில் 'மானஸ குருகுஹ' இரண்டாம் வேற்றுமை. பாடி ராகத்தில் 'ஸ்ரீ குருணா பாலிதோஸ்மி' மூன்றாவது. சாமாவில் 'குருகுஹாய' நான்காவது. பலஹம்சாவில் 'குருகுஹாதன்யம்' ஐந்தாவது. பூர்வியில் 'ஸ்ரீ குருகுஹஸ்ய தாஸோஹம்' ஆறாவது. பானுமதியில் 'குருகுஹ ஸ்வாமினி' ஏழாவது. தேவக்ரியாவில் 'ஸ்ரீ குருகுஹ தாரயாசு மாம்' எட்டாவது, விளி.

இலக்கணப் புத்தகத்தின் அட்டவணையைப் பாட்டாக்கினால் வறட்சிதான் மிஞ்சும் என்று தோன்றலாம். வரிசையாகக் கேட்டால் அந்த எண்ணம் மாறிவிடும். முதல் பாட்டில் முருகன் எழுவாய். அவன் வெல்கிறான், பாடுபவர் எட்ட நின்று பார்த்து வியக்கிறார். இரண்டாவதில் அவன் செயப்படுபொருள். பாடுபவர் தம் மனத்தைக் கூப்பிட்டு அவனை வழிபடு என்கிறார். மூன்றாவதில் குருவால் தாம் காக்கப்பட்டிருப்பதைச் சொல்கிறார். முதன்முறையாகத் ‘தாம்’ பாட்டுக்குள் வருகிறார். நான்காவதில் அவனுக்கு வணக்கம். கொடுத்தலும் வணங்கலும் நான்காம் வேற்றுமைக்கே உரியவை. ஐந்தாவதில் அவனைத் தவிர வேறு எதையும் அறியேன் என்ற உறுதி. உலகத்திலிருந்து நீங்கி நிற்கும் பாட்டுக்கு, நீங்கல் பொருள் தரும் வேற்றுமை. ஆறாவதில் அவனுடைய அடிமை. உடைமைப் பொருள் தரும் ஆறாம் வேற்றுமையில் பக்தர் தம்மையே உடைமையாக ஒப்படைக்கிறார். ஏழாவதில் அவனிடத்தில் பக்தி நிலைகொள்கிறது. எட்டாவதில் இலக்கணம் விலகி வழி விடுகிறது: குருகுஹனே, என்னைக் கரையேற்று, சீக்கிரம் என்ற கூப்பாடு. ‘அவன்’ என்று தொடங்கியவர் ‘நீ’ என்று அழைக்கும் இடத்துக்கு வந்து சேர எட்டுப் பாட்டு ஆகிறது. ஒவ்வொரு வேற்றுமையின் இயல்பான பொருளையும் பக்தியின் ஒரு படியாக மாற்றிய அறிவுக்கு ஈடு சொல்வது கடினம்.

ராகத் தேர்வும் துணிச்சலானது. மாயாமாளவகௌளையும் ஆனந்தபைரவியும் யாருக்கும் பழக்கமானவை. அதன்பின் வருபவற்றில் பல அப்படியல்ல. பாடியும் பூர்வியும் மாயாமாளவகௌளையின் குடும்பத்தைச் சேர்ந்த அபூர்வ ராகங்கள். ஒரே தாய் ராகத்திலிருந்து மூன்று முகங்களை ஒரே தொகுப்பில் வைத்து, ஒன்றோடு ஒன்று குழம்பாமல் காட்டுவது தேர்ந்த கைக்குத்தான் வரும். பானுமதி இன்னும் அரிது. வேங்கடமகி மரபின் 72 மேள வரிசையில் நான்காவது அது. தந்தை வழியில் வந்த அந்த வரிசையின் ராகங்களுக்கு உயிர் கொடுப்பது தீட்சிதரின் வாழ்நாள் பணியாயிற்று. தேவக்ரியா என்று தீட்சிதர் பரம்பரை சொல்வதை இன்றைய கச்சேரி ரசிகர் சுத்தசாவேரி என்ற பெயரில் அறிவார். ஐந்தே சுரங்கள், எளிய வடிவம். ஏழாவது பாட்டின் கடினமான ராகத்துக்குப் பிறகு, இறுதிக் கூப்பாட்டுக்கு எளிய ஐந்து சுரங்கள் போதுமென்று வைத்தது மிகப் பொருத்தம்.

பதிவு செய்த இசையின் காலத்தில் முதல் ஆல்பத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு குழு தன் குரல் எது என்று ஊருக்குச் சொல்லும் இடம் அது. மெலடி மிகுந்த ஹார்ட் ராக் வகையில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவின் 'பாஸ்டன்' குழு 1976 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் ஆல்பம். டாம் ஷோல்ஸ் என்பவர் போலராய்டு நிறுவனத்தில் பொறியாளர். வேலை நேரம் போக, தம் வீட்டின் நிலவறையில் கிதார்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து அந்த ஒலியை ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். பிராட் டெல்ப்பின் உச்சஸ்தாயிக் குரல் அதன்மேல் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் 1.7 கோடிப் பிரதிகள் விற்ற அந்த ஆல்பத்தின் வெற்றிக்குக் காரணம், கிதாரின் முரட்டு ஒலிக்கு அடியில் வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டு இருந்ததுதான். வெளிவரும் முன்பே வடிவம் முற்றுப்பெற்றிருந்தது என்பதில் அதுவும் தீட்சிதரின் எட்டும் ஒரு ஜாதி.

நம் பக்கத்தில் இந்த இரண்டு உலகங்களையும் இணைத்த முதல் ஆல்பம் ஒன்று உண்டு. பெங்களூரின் 'அகம்' குழு 2012-இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்ற தலைப்பில் அதை வெளியிட்டது. பாடகரும் வயலின் கலைஞருமான ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரலைச் சுற்றி டிரம்ஸும் மின்கிதாரும் எழும். அதில் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்ற பாட்டு, ஹம்சநாதத்தில் தியாகராஜர் செய்த 'பண்டுரீதி கோலு' கீர்த்தனை. ராகத்தின் சுரங்களை மாற்றாமல் ராக் இசையின் தாள வேகத்தை ஏற்றியதால்தான், சபாவுக்கே போகாத இளைஞர்கள் அந்தக் கீர்த்தனையைச் சொல் பிசகாமல் பாடினார்கள். கீர்த்தனை என்னும் வடிவம் எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்பதற்கு அந்த ஆல்பம் சான்று. திருத்தணிப் பாடல்கள் அந்த வழிக்கு இன்னும் வராதது ஆச்சரியம்தான். பூர்வியின் கனமும் பானுமதியின் விசித்திரமான சுர இடைவெளிகளும் மின்கிதாருக்கு நல்ல தீனி.

திருத்தணியில் கண்ட முறை தீட்சிதரின் வழியாகவே ஆகிவிட்டது. அங்கிருந்து காஞ்சிபுரம், திருவாரூர், மாயூரம், மதுரை என்று தலம் தலமாகப் போனார். போன இடத்தில் ஒற்றைப் பாட்டோடு நிறுத்தாமல் தொகுதியாகவே சிந்தித்தார். திருவாரூர் கமலாம்பாள்மேல் நவாவரணக் கீர்த்தனைகள், தியாகராஜர்மேல் விபக்திக் கீர்த்தனைகள், நீலோத்பலாம்பாள்மேல் ஒரு வரிசை, மாயூரம் அபயாம்பாள்மேல் ஒரு வரிசை, நவக்கிரகங்கள்மேல் ஒரு வரிசை. கமலாம்பா நவாவரணத்திலும் வேற்றுமைகள் வரிசையாக வருகின்றன. திருத்தணியில் இலக்கணம் மட்டும் சட்டகமாக இருந்தது. திருவாரூரில் அதனோடு ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களும் சேர்ந்தன. உலகமே கொண்டாடும் பெரிய தொகுதிக்கு அச்சு வார்த்த இடம் தணிகை மலை.

தீட்சிதர் 1835 அக்டோபர் 21 அன்று, நரக சதுர்த்தசியில், எட்டயபுரத்தில் மறைந்தார். பாடல்களைச் சீடர்களும் குடும்பத்தாரும் காத்தார்கள். தஞ்சை நால்வர் என்று பரதநாட்டிய உலகம் போற்றும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருடைய மாணவர்கள். தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். மேல்நாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் அவர். பாலுசுவாமியிடம் வளர்ந்த சுப்பராம தீட்சிதர், 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை எட்டயபுரத்தில் அச்சேற்றினார். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் கமகக் குறிகளோடு அதில் உள்ளன. தெலுங்கு எழுத்தில் வந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி பிற்காலத்தில் தமிழில் வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அம்பி தீட்சிதரிடமும், அவர் மாணவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் பாடம் கேட்ட டி.கே.பட்டம்மாள் போன்றவர்களால் தீட்சிதர் பாணி மேடைக்குப் பரவலாக வந்தது.

எட்டில் 'ஸ்ரீநாதாதி'யும் 'மானஸ குருகுஹ'வும் ஓரளவு புழக்கத்தில் இருக்கின்றன. மற்றவை சிறப்பு நிகழ்ச்சிகளிலும் தீட்சிதர் அகண்டங்களிலும் எப்போதாவது ஒலிப்பவை. எல்லாம் சேர்ந்து ஒரு மாலைக் கச்சேரிக்குள் அடங்கிவிடும் அளவுதான். வரிசை மாறாமல் எட்டையும் பாடினால்தான் ‘அவன்’ என்பது ‘நீ’ என்று ஆகும் பயணம் கேட்பவருக்குக் கிட்டும். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் முதல் பாட்டையும் எட்டாவது பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு நடுவில் உள்ள ஆறுக்குப் போகலாம். தொடக்கமும் முடிவும் தெரிந்தால் நடுவழி எளிதாகும். தீட்சிதர் பிறந்த நட்சத்திரம் கிருத்திகை, தணிகையின் பெருவிழா ஆடிக் கிருத்திகை. அந்த நாளில், பாட்டு பிறந்த மலையிலேயே, எட்டுக் கீர்த்தனைகளையும் வரிசையாகப் பாட வித்வான்களும் சபாக்களும் முன்வர வேண்டும்.